நம்ம ஏரியாவுக்கு ஒரு ஸ்டேஷன் வருமா? தாம்பரத்துக்கு அப்பால் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து டீ வரும் நேரத்தில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "ரயில் நம்ம வீட்டு வாசல் வழியாத்தானே போகுது, இங்க ஒரு ஸ்டேஷன் வெச்சா என்ன?" கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. நான் ரயில்வே ஊழியன் இல்லை. செங்கல்பட்டு மார்க்கத்தில் பல வருடம் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன். சங்கத்துக்காக மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன். அப்படி அலைந்ததில் புரிந்துகொண்டதைக் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலிருந்து சொல்வது எனக்கும் அலுத்துவிட்டது.

தண்டவாளம் இருக்கிறது, கரண்ட் கம்பி இருக்கிறது, ரயிலும் ஓடுகிறது. ஒரு பிளாட்பாரம் கட்டினால் முடிந்ததில்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிளாட்பாரத்துக்கே நிறைய நிபந்தனைகள். இப்போது 12 பெட்டி மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு பெட்டி 20 மீட்டருக்கு மேல் என்று வைத்தால் பிளாட்பாரம் கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். அந்த நீளம் முழுக்கத் தண்டவாளம் நேராக இருந்தால் நல்லது. வளைவில் பிளாட்பாரம் கட்டினால் வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு பெட்டியில் சின்ன இடைவெளி, இன்னொரு பெட்டியில் பெரிய இடைவெளி என்று ஆகிவிடும். கார்டுக்கும் கடைசிப் பெட்டியிலிருந்து முழு வண்டி தெரியாது. சரிவும் அதிகம் இருக்கக் கூடாது.

உயர்மட்ட பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் என்பது ரயில்வே கணக்கு. இரண்டு பக்கமும் அந்த உயரத்துக்கு மண் நிரப்பிச் சுவர் எழுப்ப வேண்டும். வழியில் மின்கம்பம் இருந்தால் அதை நகர்த்த வேண்டும். சிக்னல் இருந்தால் அதன் இடத்தையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் சிக்னல்களுக்கு இடையிலான தூரம் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியில் சில இடங்களில் மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டு உண்டு. ஓட்டுநர் அந்த இடத்தை வண்டியின் வேகத்தை வைத்துக் கடந்துவிடுவார். அதன் பக்கத்தில் ஸ்டேஷன் வைத்தால், நின்று கிளம்பும் வண்டி போதிய வேகம் பிடிப்பதற்குள் அங்கே மாட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2018 ஜூலையில் பரங்கிமலையில், வழக்கமான பாதையிலிருந்து எக்ஸ்பிரஸ் பாதைக்கு மாற்றிவிடப்பட்ட ஒரு மின்சார ரயிலின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பாதையை ஒட்டியிருந்த சுவரில் மோதி உயிரிழந்தார்கள். மூன்று நான்கு தண்டவாளம் ஓடும் இடத்தில் எந்தப் பாதைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை நகர்த்த முடியாது.

கிளாம்பாக்கத்தில் மட்டும் எப்படி வாங்கினார்கள்?

அங்கே கூட்டம் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. சுமார் 88 ஏக்கர், ஏறக்குறைய 394 கோடி ரூபாய் செலவு. தென் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் கோயம்பேட்டுக்குப் பதில் இங்கே வர வேண்டும் என்று ஆனது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, முனையத்தின் எதிரே, ஜிஎஸ்டி சாலையைத் தாண்டினால் ரயில் பாதை. ஆனால் ரயில் நிற்கவில்லை. 2024 தொடக்கத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 20 கோடி ரூபாயைத் தெற்கு ரயில்வேயிடம் கட்டியது. அதன் பிறகுதான் ஸ்டேஷன் வேலை வேகம் பிடித்தது. முனையத்திலிருந்து சாலைக்கு மேலாக ஸ்டேஷன் வரை ஏறக்குறைய 400 மீட்டர் ஆகாய நடைபாதை ஒன்றும் திட்டத்தில் சேர்ந்தது. அதன் செலவு ஸ்டேஷனுக்குக் கட்டிய தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல்! அதற்கு நிலமும் எடுக்க வேண்டியிருந்தது. சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின.

இதில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வரிசை தலைகீழாகப் போய்விட்டது. பேருந்து நிலையத்துக்கு இடம் பார்த்த அன்றே ரயில் மேடைக்கும் நடைபாதைக்கும் கோடு போட்டிருந்தால், பெட்டியும் பிள்ளையுமாக வண்டலூரில் இறங்கி ஆட்டோ பேரம் பேசும் வேலை மிச்சமாகியிருக்கும். நம் ஏரியாவில் இன்னும் வீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதனால் கேட்பதை இப்போதே கேட்க வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்று கணக்கு இருக்கிறதா?

ஒரே கணக்கு எல்லா இடத்துக்கும் செல்லாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர், இரண்டு முனைகளையும் சேர்த்து 18 ஸ்டேஷன். சராசரி இடைவெளி 1.7 கிலோமீட்டர். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை 30 கிலோமீட்டருக்கு அருகில். வழியில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர். கிளாம்பாக்கத்தைச் சேர்க்காமல் பார்த்தால் சராசரி 3 கிலோமீட்டர்.

காரணம் எளிது. தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் தாளத்துக்கு ஊர் வளர்ந்தது. அதற்கு அப்பால் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் போதுமாக இருந்தது. இப்போது அந்த ஊர்களுக்கு நடுவேதான் அடுக்குமாடிகள். சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையையே 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். எல்லை விரிந்தது, ஸ்டேஷன்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரு ஸ்டேஷன் எந்தக் காரணத்துக்காக வந்தது என்பதும் நிலையாக இருப்பதில்லை. தாம்பரம் சானடோரியம் என்ற பெயர் 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. இன்று காலையில் அங்கே இறங்கும் கூட்டத்தில் பெரும்பங்கு மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குப் போகிறவர்கள்.

புது ஸ்டேஷன் வந்தால் ரயில் லேட்டாகுமே? செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் திட்ட மாட்டார்களா?

திட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்து, அரை நிமிடம் நின்று, மறுபடி அதே வேகத்தை எட்டுவதற்குள், நிற்காமல் போயிருந்தால் ஆகும் நேரத்தைவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இழக்கிறது. இது நான் காகிதத்தில் போட்ட கணக்கு. பிளாட்பாரத்தில் கூட்டம் முட்டினால் இன்னும் கூடும். 2025 ஏப்ரல் 19 முதல் இந்த மார்க்கத்தில் ஓடும் ஏசி மின்சார ரயிலுக்குக் கதவு திறந்து மூடும் நேரமும் சேரும்.

நான் இப்படிப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு, வண்டியில் ஏற்கெனவே 1,000 பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு நிமிடம் போகிறது, மொத்தம் 1,000 நிமிடம். புது ஸ்டேஷனில் 100 பேர் ஏறுகிறார்கள், அடுத்த ஸ்டேஷன் வரை ஆட்டோவில் போகாததால் ஆளுக்கு 15 நிமிடம் மிச்சம், மொத்தம் 1,500. இங்கே லாபம். ஏறுகிறவர்கள் 40 பேர்தான் என்றால் நஷ்டம். மனுவில் "பல்லாயிரம் மக்கள் பயன்பெறுவர்" என்று எழுதுவதற்குப் பதில் இந்த மாதிரி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

ஃபாஸ்ட் லோக்கல்கள் சின்ன ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அது வேறு சண்டை.

மனுவை யாரிடம் கொடுப்பது? முடிவு செய்வது யார்?

நம் பாதை தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் வருகிறது. மனு கோட்ட மேலாளருக்கு. அங்கிருந்து வணிகப் பிரிவு (எத்தனை டிக்கெட் விற்கும்), இயக்கப் பிரிவு (கால அட்டவணை தாங்குமா), பொறியியல், சிக்னல், மின்சாரம் என்று கோப்பு சுற்றும். இதில் எந்தப் பிரிவு "முடியாது" என்றாலும் அங்கேயே படுத்துவிடும். எல்லாரும் சரி என்றால் தலைமையகம், தேவைப்பட்டால் ரயில்வே வாரியம்.

எங்கள் முதல் மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து எட்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: சாத்தியமில்லை. ஏன் என்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கோபத்தில் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. எந்தப் பிரிவு என்ன காரணம் சொன்னது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அப்போதே கேட்டிருக்க வேண்டும். காரணம் சரிவாக இருந்தால் 300 மீட்டர் தள்ளிக் கேட்கலாம். காரணம் பணமாக இருந்தால் பேச வேண்டிய ஆளே வேறு.

ரயில்வேயோடு நிறுத்தாதீர்கள். பெருநகர வளர்ச்சிக் குழுமம், ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையமான கும்டா, எம்.பி., எம்.எல்.ஏ., ஊராட்சி எல்லாருக்கும் நகல் போக வேண்டும். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதில் உறுப்பினராக இருப்பவர் யார் என்று விசாரித்து அவரைப் பிடித்தால் கேள்வி கூட்டக் குறிப்பிலாவது ஏறும்.

செலவு யாருடையது?

ரயில்வே தன் கணக்கில் கட்டலாம், அது அபூர்வம். "டெபாசிட் ஒர்க்" என்று ஒரு முறை இருக்கிறது. கேட்கிறவர் பணம் கட்ட வேண்டும், ரயில்வே கட்டிக்கொடுக்கும். கிளாம்பாக்கம் அந்த வழிதான். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. தொகுதி முழுக்கப் பள்ளிக்கூடக் கட்டடம், நிழற்குடை என்று அதற்குப் பங்காளிகள் ஏராளம். அதை நம்பி ஸ்டேஷன் கேட்பது நடக்காது, மேற்கூரைக்கு வேண்டுமானால் கேட்கலாம்.

அப்புறம், ரயில்வேயின் பொறுப்பு அதன் எல்லைக்கல் வரைதான். அதற்கு வெளியே இருக்கும் சாலை ஊராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும். பிளாட்பாரம் பளபளவென்று தயாராகி, அதற்குப் போகும் வழி மழையில் சேறாகக் கிடப்பது இப்படித்தான்.

சரி, ஸ்டேஷன் சரியாக எந்த இடத்தில் வர வேண்டும்?

எனக்குத் தெரிந்து முக்கியமான கேள்வி இதுதான், கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போட்டார்கள். வீடு இடிக்க வேண்டியது குறைவு, அரசு நிலம், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜனம் புழங்கும் தெரு வேறு பக்கம். கடை வாடகை வரும் என்று நினைத்து மண்டபம் மண்டபமாகக் கட்டிய ஸ்டேஷன்கள் பல ஆண்டுகள் இருட்டாகவும் காலியாகவும் கிடந்தன. பகலிலேயே தனியாக மேலே ஏறப் பெண்கள் யோசித்தார்கள். பஸ் ஸ்டாப் ஒரு பக்கம், ஸ்டேஷன் வாசல் இன்னொரு பக்கம். ரயிலில் மிச்சம் பிடித்த நேரம் நடையில் போய்விட்டது.

மாம்பலத்தைப் பாருங்கள். ஸ்டேஷன் என்று சொல்லும்படி பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. படி இறங்கினால் ரங்கநாதன் தெரு. இதற்கு மேல் என்ன வேண்டும்? போதாக்குறைக்கு 2023 மே மாதம் அங்கிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் வந்தது.

அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு "ஒரு கிலோமீட்டருக்குள் இத்தனை வீடு" என்று எண்ணுவது போதாது. எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தண்டவாளம் கைக்கெட்டும் தூரம். நடந்து போனால் கல்லூரி மதில், பூட்டிய கேட், ஏரிக்கரை என்று சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நாங்கள் நான்கு பேர் கைக்கடிகாரத்தோடு காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் நடந்து பார்த்தோம். காலையில் 11 நிமிடம். இரவில் அதே வழியில் எங்களோடு வந்த ஐ.டி. கம்பெனிப் பெண், "இந்த வழியா நான் வர மாட்டேன் சார், ஆட்டோதான்" என்றார். தெருவிளக்கு கிடையாது, எட்டு நாய்கள் உண்டு. அந்த இடத்தை எங்கள் மனுவிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே டீக்கடையும் மெடிக்கல் ஷாப்பும் இருக்கும் தெருமுனைக்கு நேராகக் கேட்டோம். பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் வாசல் வேண்டும் என்றும் எழுதினோம். கால் கிலோமீட்டர் நீளப் பிளாட்பாரத்துக்கு ஒரே வாசல் என்றால், கடைசிப் பெட்டியில் இறங்குகிறவர் வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

பாதையைக் கடக்கச் சுரங்கப்பாதையா, மேம்பாலமா?

சுரங்கப்பாதைக்குப் படி குறைவு, ஏறுவது சுலபம். ஆனால் நாம் இருப்பது சென்னை. துரைசாமி சப்வே, கணேசபுரம் சப்வே என்று மழைச் செய்தியில் வருடம் தவறாமல் பெயர் வருகிறது. ஏரிகளுக்கு நடுவே இருக்கும் நம் பக்கத்தில் பள்ளம் தோண்டினால் கேட்கவே வேண்டாம். நான் மேம்பாலம் கட்சி, ஆனால் லிஃப்டோடு. லிஃப்ட் "பிறகு வரும்" என்றால் வராது. முதல் திட்ட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மேம்பாலம் ஊரின் இரண்டு பக்கத்திலும் இறங்கவும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் மறுபக்கத்துக்காரர்கள் தண்டவாளத்தைத்தான் தாண்டுவார்கள். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம், ஆனால் அவசரத்தில் ஓடுகிறவருக்குப் பிரிவு எண் ஞாபகம் வராது.

பிளாட்பாரத்துக்காக மண் நிரப்பும்போது அடியில் இருக்கும் சிறு மதகுகளை அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். ரயில் கரையே ஓர் அணை மாதிரி. இந்தப் பக்கத் தண்ணீர் அந்தப் பக்கம் போகும் ஓட்டை அந்த மதகுதான். 2015 டிசம்பரை மறக்காதவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வண்டி நிறுத்த இடம்?

டூவீலர் ஸ்டாண்டு வேண்டும், காருக்கு இடம் கேட்டு நிலத்தை வீணாக்க வேண்டாம். அதைவிட முக்கியம், ஷேர் ஆட்டோ நின்று திரும்ப இடமும் மினி பஸ் உள்ளே வந்துபோக வழியும். இதைத் திட்டத்தில் ஒதுக்காவிட்டால் ஆட்டோக்கள் ஸ்டேஷன் வாசலையே ஸ்டாண்டாக்கிக்கொள்ளும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறதாமே, அப்புறம் லோக்கல் ஸ்டேஷன் எதற்கு?

திட்ட அறிக்கையில் இருக்கும் அந்தப் பாதை 15.46 கிலோமீட்டர், கிளாம்பாக்கத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் இருக்கும் நமக்கு லோக்கல்தான். டிக்கெட்டும் 5 ரூபாயில் ஆரம்பிக்கிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் பூ விற்கிறவர்களும் மெட்ரோவில் தினமும் போய்வர முடியுமா, சொல்லுங்கள்.

"ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று மனை விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

எந்த ஸ்டேஷன், அனுமதி வந்ததா, டெண்டர் விட்டார்களா என்று கேளுங்கள். "வரப்போகும் ஸ்டேஷன்" என்றால் இப்போது இருக்கும் ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து அந்த விலை மட்டும் கொடுங்கள்.

பெயர் யார் வைப்பார்கள்?

மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மத்திய உள்துறையின் ஒப்புதல் வேண்டும். இரண்டு ஊர்க்காரர்கள் பெயருக்காகச் சண்டை போட்டால் கோப்பு அதிலேயே நிற்கும். மனுவில் பெயரைப் பற்றி எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம்.

வேலை நடக்கும்போது ரயில் ஓடுமா?

ஓடும், ஆனால் அடிக்கடி தடங்கல் வரும். ஓடும் பாதையை ஒட்டிய வேலையைப் பெரும்பாலும் இரவில், ரயிலும் மின்சாரமும் நிறுத்திக் கிடைக்கும் சில மணி நேரத்தில் செய்ய வேண்டும். மேம்பாலத்தின் இரும்பு உத்திரத்தைத் தூக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை ரத்து செய்வார்கள். 2024-ல் தாம்பரம் யார்டு வேலைக்காக வாரக்கணக்கில் லோக்கல் ரத்தானபோது பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு அவ்வளவு வராது.

கட்டி முடித்துவிட்டார்கள், ஏன் இன்னும் திறக்கவில்லை?

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் புதுப் பாதைக்குச் சொன்ன விதி புது ஸ்டேஷனுக்கும் பொருந்தும் என்று இருக்கிறது. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். கட்டியவர்களே சான்றிதழும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, அதனால் அவர் வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும்?

ஆயிரம் கையெழுத்தைவிட நூறு பேர் விவரம் மேல். வீடு எங்கே, எந்த ஸ்டேஷனில் இப்போது ஏறுகிறார், அங்கே எப்படிப் போகிறார், எத்தனை மணி ரயில், எங்கே இறங்குகிறார். சீசன் டிக்கெட் வைத்திருந்தால் நகல். பக்கத்தில் உள்ள பள்ளி, கல்லூரி, கம்பெனிகளிடமிருந்து ஊழியர், மாணவர் எண்ணிக்கை எழுதிய கடிதம். அனுமதி வாங்கிய, இன்னும் கட்டாத அடுக்குமாடிகளின் பட்டியல். இது வளர்ச்சிக் குழுமத்திடம் கிடைக்கும். நடந்து பார்த்த வழியின் கை வரைபடம், நிமிடக் கணக்கோடு. மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். எங்கள் முதல் மனுவில் முத்திரை வாங்கவில்லை. "உங்க மனு வரவே இல்லையே" என்று பின்னால் இன்னோர் அலுவலகத்தில் சொன்னபோது காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.